பூனைக் கீறலுக்குப் பின் நெறி கட்டினால் எந்த ஸ்கேன்?

ஒன்பது வயதுப் பிள்ளை. வலது முழங்கையின் உள்பக்கம், துருத்தி நிற்கும் எலும்புக்கு இரண்டு விரல் மேலே, பெருநெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம். தொட்டால் வலிக்கிறது. தோல் லேசாகச் சிவந்திருக்கிறது. காய்ச்சல் வந்து வந்து போகிறது. கட்டி என்ற சொல் காதில் விழுந்ததுமே வீடு கலங்கிவிடுகிறது. ஒரு மருத்துவர் எம்.ஆர்.ஐ. எழுதித் தருகிறார். இன்னொருவர் ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிடலாம் என்கிறார். மூன்றாமவர் ஒரு மாதம் பொறுங்கள் என்கிறார். அந்தப் பிள்ளையின் புறங்கையில் மூன்று வாரத்துக்கு முன் பூனைக்குட்டி கீறிய தடமும், அதன் ஓரத்தில் காய்ந்துவரும் ஒரு சிறு கொப்புளமும் இருக்கின்றன. அதை யாரும் கேட்கவில்லை; பிள்ளையும் சொல்லவில்லை.

இப்படி நிணநீர்க் கணு வீங்கி வரும் நெறிக்கு எந்தப் படம் எடுப்பது, எப்போது எடுப்பது, எப்போது எடுக்காமலே விடுவது? எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஸ்கேன் தேவை என்றால் கவனமாகச் செய்த அல்ட்ராசவுண்ட் முதலில். பெரும்பாலானவர்களுக்கு அதுவே கடைசியும். சி.டி., எம்.ஆர்.ஐ., பெட்-சி.டி. மூன்றும் பெரிய மெஷின்கள் என்பதாலேயே கூடுதலாக எதையும் சொல்லிவிடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு கேள்வி உண்டு. அந்தக் கேள்வி இல்லாதபோது எடுத்தால் குழப்பம்தான் கூடும்.

கணுவுக்குள் நடப்பது

பார்ட்டோனெல்லா ஹென்செலே என்ற பாக்டீரியா பூனைக்குப் பூனை தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவுகிறது. தெள்ளின் எச்சம் பூனையின் நகத்தில் ஒட்டியிருக்கும். கீறும்போது அது நம் தோலுக்குள் போகிறது. ஒரு வயது நிறையாத குட்டிகளிடமிருந்து தொற்றுவதே அதிகம். குட்டி பார்க்க நலமாகவே இருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கீறிய இடத்தில் 3 முதல் 10 நாளில் சிவந்த கொப்புளம் வரும். பெரும்பாலும் 1 முதல் 3 வாரத்துக்குள், அந்த இடத்து நிணநீர் போய்ச் சேரும் கணு வீங்கும். கையில் கீறினால் முழங்கையும் அக்குளும், முகத்தில் கீறினால் காதின் முன்புறமும் தாடையடியும், காலில் கீறினால் தொடையிடுக்கும்.

பூனைக் கீறல் நோய் எனப்படும் இதைப் பாரிஸில் குழந்தை மருத்துவர் ராபர்ட் டெப்ரே 1950-ல் விவரித்தார். கிருமி கணுவுக்குள் கண்ணில் பட்டது 1983-ல்தான், வார்தின்-ஸ்டாரி என்ற வெள்ளிச் சாயத்தின் உதவியால். வீங்கிய கணுவை வெட்டிப் பார்த்தால் கிரானுலோமா எனும் அழற்சி முடிச்சுகளும், அவற்றின் நடுவே நட்சத்திர வடிவில் நுண்ணிய சீழ்ப் பொட்டுகளும் இருக்கும். நாளாக ஆக அந்தப் பொட்டுகள் ஒன்றுசேர்ந்து ஒரே குழியாகலாம். ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அது சீழாகவே முற்றுகிறது. மற்றவர்களுக்கு இரண்டு முதல் நான்கு மாதத்தில் தானாக வடிந்துவிடும்.

ஸ்கேனில் தெரிவதெல்லாம் இந்த மாற்றங்கள்தான். இரண்டாம் வாரம் எடுத்த படமும் ஆறாம் வாரம் எடுத்த படமும் இரண்டு வெவ்வேறு நோய்களைப் போல இருக்கலாம். எந்த மெஷினும் கிருமியின் பெயரைச் சொல்லாது. இது கணுவா வேறா, உள்ளே சீழ் உண்டா, வேறு இடத்திலும் பரவியிருக்கிறதா, ஊசி போடுவதென்றால் எந்தப் புள்ளியில் போடுவது, இவ்வளவைத்தான் படம் சொல்லும். பெயரைச் சொல்வது இரத்தப் பரிசோதனையும், கணுவிலிருந்து எடுக்கும் திசுவும். இரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிரான ஐ.ஜி.ஜி. எனும் எதிர்ப்புரதம் 1:256 (அதாவது 256 மடங்கு நீர்த்தும் தெரியும் அளவு) அல்லது அதற்கு மேல் இருந்தால் அண்மைத் தொற்று என்பதற்கு வலுவான சான்று. 1:64-க்குக் கீழே இருந்து, நோய் தொடங்கிச் சில நாள்தான் ஆகிறது என்றால், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

எடுக்காமல் விடுவது

இதுவும் ஒரு தேர்வுதான். பல பிள்ளைகளுக்கு நல்ல தேர்வு. பூனை கீறியது உறுதி, கீறல் தடம் இருக்கிறது, நெறி ஒரு பக்கம் மட்டும், 2 செ.மீ.க்குள், விரலுக்கு நழுவுகிறது, பிள்ளை சாப்பிட்டு விளையாடுகிறது என்றால் இரண்டு முதல் நான்கு வாரம் மருத்துவர் கண்காணிப்பில் பொறுத்துப் பார்க்கலாம். வீட்டில் பற்றுப் போடுவதும், சூடு காட்டித் தேய்ப்பதும் வேண்டாம். அழற்சி கொண்ட கணுவைத் தேய்த்தால் வலியும் வீக்கமும்தான் மிஞ்சும். நெறி வடியட்டும் என்று ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பது அதைவிட ஆபத்து. லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்றுநோயாக இருந்தால் ஸ்டீராய்டு அதைத் தற்காலிகமாகச் சுருக்கி, திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்சியில்கூடப் பிடிபடாமல் செய்துவிடும்.

காரை எலும்புக்கு மேலே உள்ள நெறி, கல்போல இறுகி அடியோடு ஒட்டிய நெறி, எடை குறைதல், இரவில் உடை நனைய வியர்த்தல், நான்கு முதல் ஆறு வாரம் ஆகியும் குறையாமை, சிவந்து தளதளப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பொறுத்திருக்கக் கூடாது.

ஸ்கேனுக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் போக முடியாது. பூனை கீறிய அன்றே காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, ரேபீஸ் தடுப்பூசிக்காக மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தம் வரும்படி கீறியிருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (உடனே காக்கும் எதிர்ப்புரத ஊசி) தேவைப்படும். நெறி கட்டும்வரை காத்திருக்கும் விஷயமல்ல அது.

அல்ட்ராசவுண்ட்: மெஷினைவிடக் கை முக்கியம்

கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து இல்லை, பிள்ளை அம்மா மடியில் இருக்கும்போதே பார்த்துவிடலாம். ஆனால் வயிறு பார்க்கும் வளைந்த புரோபை (தோலில் வைக்கும் கருவி) அப்படியே முழங்கையில் வைத்தால் ஒன்றும் தெரியாது. முகம் நேராக உள்ள லீனியர் புரோப் வேண்டும். முழங்கை, கழுத்துக்கு 12 முதல் 15 மெகாஹெர்ட்ஸ். பெரியவர்களின் ஆழமான அக்குளுக்கு 7 முதல் 10 வரை இறங்கலாம். கையை நீட்டி உள்ளங்கை மேலே பார்க்க வைத்து, ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, புரோப் ஜெல்லின் மேல் மிதக்கும் அளவுக்கு மட்டும் தொட வேண்டும். அழுத்தினால் வலி என்பதோடு, கணுவின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மூடிக்கொண்டு, இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர் பொய் சொல்லும்.

முதல் வேலை, இது கணுதானா என்று உறுதி செய்வது. அவரை விதை வடிவம், நடுவே அல்லது ஓரமாக வெள்ளையான ஹைலம் (கணுவின் வாசல்), அதன் வழியே உள்ளே நுழையும் குழாய். இவை தெரிந்தால் கணு. முழங்கையின் அந்த இடத்தில் கணுவைப்போல் நடிப்பவை சில உண்டு. பக்கத்திலேயே பேசிலிக் சிரை ஓடுகிறது. அதில் உறைந்த இரத்தம் கட்டிபோலத் தெரியும், புரோபைத் திருப்பி நீளவாக்கில் பார்த்தால் குழாயாக நீளும். நரம்பில் வரும் ஷ்வானோமாக் கட்டியின் இரண்டு முனையிலும் வால்போல நரம்பு தொடரும்; தட்டினால் விரல் வரை சுரீரென்று ஓடும். தமனிச் சுவர் கிழிந்து பொய்யாகப் புடைத்ததாக இருந்தால் டாப்ளரில் சிவப்பும் நீலமும் சுழலும். அதில் தெரியாமல் ஊசி குத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டாப்ளர் போட்டுப் பார்க்காமல் எந்த வீக்கத்திலும் ஊசி இறங்கக் கூடாது.

பூனைக் கீறல் நெறி முதல் வாரங்களில் இப்படித் தெரியும்: கருத்து, உப்பி, சில சமயம் இரண்டு மூன்று கணுக்கள் கோத்தாற்போல. ஹைலம் பெரும்பாலும் இருக்கும், அல்லது ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். டாப்ளரில் ஹைலத்திலிருந்து கிளைவிட்ட மரம்போல நிறம் நிறைந்திருக்கும். கணுவைச் சுற்றியுள்ள கொழுப்பு வெளுத்துத் தடித்து, அதனூடே கருநூல்போல நீர்க்கோடுகள் ஓடும். இந்தச் சுற்றுப்புற வீக்கத்தை ரிப்போர்ட்டில் எழுதாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. வெறுமனே 'பெரிதான நிணநீர்க் கணு' என்று எழுதினால் படித்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. சுற்றுக் கொழுப்பில் அழற்சி உண்டா, ஹைலம் உண்டா, உள்ளே நிறமில்லாத பகுதி உண்டா, மூன்று பக்க அளவுகள் என்ன என்று நான்கு வரி எழுதினால் அடுத்த முடிவு எளிதாகிவிடும்.

சீழ் பிடிக்கத் தொடங்கினால் நடுவில் நிறம் மறையும். அதன் பின்புறம் படம் வெளுக்கும். புரோபை மெல்ல அழுத்தி விட்டால் உள்ளே துகள்கள் நீந்தும். கெட்டிச் சீழ் நீந்தாது; நீந்தவில்லை என்பதால் சீழ் இல்லை என்றாகாது.

இங்கேதான் மிக மோசமான பிழை ஒன்று நடக்கும். லிம்ஃபோமாக் கணு சீரான கருப்பாக, நீர்ப்பை போலவே தெரியும். பின்புறம் வெளுக்கவும் செய்யும். டாப்ளரில் பி.ஆர்.எஃப். (ஒலித்துடிப்புகளை அனுப்பும் வேகம்) உயர்ந்தோ, மெல்லிய ஓட்டத்தை வடிகட்டிவிடும் வால் ஃபில்டர் கூடுதலாகவோ இருந்தால், மெதுவாக ஓடும் இரத்தம் நிறமாக வராது. 'நிறமில்லை, பின்புறம் வெளுப்பு, ஆகவே சீழ்' என்று ரிப்போர்ட் போய்விடும். ஊசி போட்டால் ஒன்றும் வராது. ஆகவே பி.ஆர்.எஃப்.பை 1 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழே இறக்கி, ஃபில்டரைக் குறைத்து, நிறப்புள்ளிகள் பொங்கும்வரை கெயினை (படத்தின் உணர்திறனை) ஏற்றிப் பிறகு ஒரு படி இறக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரே ஒரு குழாய் தெரிந்தாலும் அந்த இடம் சீழல்ல. பிள்ளை அழுதுகொண்டிருந்தால் அசைவே நிறமாகத் தெரியும். அழுகை அடங்கக் காத்திருக்கும் இரண்டு நிமிடம் வீணல்ல.

காசநோயிலிருந்து பிரிப்பது

நம் ஊரில் நெறி என்றால் காசநோயை மறக்க முடியாது. கண்டமாலை என்று ஒரு பழம்பெயரே அதற்கு உண்டு. காசநோய்க் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகும், ஹைலம் அழியும், நடுவே சிதைந்து நிறமற்றுப் போகும், பழையதில் சுண்ணப் பொட்டு தெரியும், வலியும் சூடும் குறைவாக இருக்கும். பூனைக் கீறலில் சுற்றுக் கொழுப்பின் வீக்கமும் வலியும் தூக்கலாக இருக்கும். புத்தகத்தில் இப்படிப் பிரித்தாலும், ஐந்தாம் ஆறாம் வாரத்தில் நடு சிதைந்த பூனைக் கீறல் நெறியையும் காசநோய் நெறியையும் படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. சி.டி.யிலும் முடியாது, எம்.ஆர்.ஐ.யிலும் முடியாது.

ஊசிப் பரிசோதனையிலும் இதே பொறி உண்டு. எஃப்.என்.ஏ.சி. எனும் மெல்லிய ஊசிப் பரிசோதனையில் 'கிரானுலோமா' என்று வந்ததுமே ஆறு மாதக் காசநோய் மருந்து தொடங்கிவிடும் வழக்கம் இருக்கிறது. பூனைக் கீறலும் கிரானுலோமாதான் தரும். அந்த ஒரு சொல்லுக்காக, வீட்டில் ஓடியாடும் குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு பிள்ளை ஆறு மாதம் மருந்து விழுங்க நேர்வது நியாயமில்லை. மறுபக்கம், பூனை இருக்கிறது என்பதற்காகக் காசநோயைத் தவறவிடுவதும் கூடாது. எடுத்த சீழை, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் அல்லது ட்ரூநாட் பரிசோதனைக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் காசநோய்க் கல்ச்சருக்கும், வசதி இருந்தால் பார்ட்டோனெல்லா பி.சி.ஆருக்கும் ஒன்றாகவே அனுப்ப வேண்டும். ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ் என்பது காசநோய் இல்லவே இல்லை என்பதற்குச் சான்றல்ல. கல்ச்சர் முடிவு வரும்வரை காசநோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ஊசி போடும்போது கெட்டுப்போவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். எடுத்ததை எல்லாம் கிருமியைக் கொல்லும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் முடிந்தது. ஒரு பகுதி ஸ்லைடுக்கு, ஒரு பகுதி ஃபார்மலின் இல்லாத சுத்தமான குப்பியில் என்று ஊசி இறங்குவதற்கு முன்பே பிரித்து வைத்திருக்க வேண்டும். தோலில் மிஞ்சிய ஜெல் ஸ்லைடில் கலந்தால் செல்கள் மறைந்துவிடும். துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். செல் பார்க்க 23 கேஜ் ஊசி போதும் (கேஜ் எண் கூடக் கூட ஊசி மெல்லியது). சீழை உறிஞ்ச 18 கேஜ் வேண்டும். மெல்லிய ஊசியில் கெட்டிச் சீழ் ஏறாமல், சீழே இல்லை என்று எழுதிவிடுவார்கள். மெலிந்து சிவந்த தோலின் உச்சியில் குத்தாமல், பக்கத்து நல்ல தோலிலிருந்து சாய்வாக நுழைந்தால் துளை மூடிக்கொள்ளும். கத்தி வைத்துக் கீறிச் சீழ் எடுப்பது இந்த நோயில் நல்லதல்ல: மாதக்கணக்கில் ஒழுகும் புண்ணாக அது நிலைத்துவிடக்கூடும். ஊசியால் உறிஞ்சி, மறுபடி சேர்ந்தால் மறுபடி உறிஞ்சுவதே வழி. சீழ் வற்றியதும் வலியும் உடனே தணியும்.

அளவை எப்படி எடுப்பது

மருந்து வேலை செய்கிறதா என்று கேட்டால் அதற்கும் அல்ட்ராசவுண்ட்தான் அளவுகோல். 1998-ல் வெளியான ஓர் ஆய்வில் 14 பேருக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் 15 பேருக்கு மருந்துபோலத் தோன்றும் வெற்று மருந்தும் கொடுத்து, வாரந்தோறும் அல்ட்ராசவுண்டில் கணுவின் கன அளவை எடுத்தார்கள். முதல் 30 நாளில் கன அளவு 80 சதவீதம் குறைந்தது மருந்து எடுத்தவர்களில் 7 பேருக்கு, எடுக்காதவர்களில் ஒருவருக்கு. 30 நாளுக்குப் பிறகு இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மருந்து விரைவுபடுத்துகிறது, நோய் எப்படியும் ஆறுகிறது.

கன அளவு என்பதைக் கவனிக்க வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்குவது முறை. 3.0, 2.0, 1.5 செ.மீ. உள்ள கணு ஏறத்தாழ 4.7 மில்லி. நான்கு வாரத்தில் அது 1.75, 1.17, 0.88 என்றாகிறது. நீளத்தை மட்டும் பார்த்தால் மூன்று செ.மீ. ஒன்றே முக்கால் ஆனதுபோல, பாதிகூடக் குறையாததுபோலத் தெரியும். கன அளவோ 0.94 மில்லி, ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. நீளத்தை மட்டும் எழுதும் ரிப்போர்ட் நன்றாக ஆறிவரும் பிள்ளையைப் பயாப்சிக்கு அனுப்பிவிடும். நெறி 'நார்மலா' என்று தீர்மானிக்கும்போதும் இடம் பார்க்க வேண்டும். பொதுவாக 1 செ.மீ., தொடையிடுக்கில் 1.5 செ.மீ. வரை விடலாம், முழங்கையில் 5 மி.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

சி.டி. எப்போது

கண்ணுக்கும் புரோபுக்கும் எட்டாத இடம் என்றால். கழுத்து நெறியோடு வாய் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல் இருந்தால் ஆழத்தில் சீழ் பரவியதா என்று பார்க்க சி.டி. வேகமானது, நம்பகமானது. மார்புக்குள் கணு சந்தேகம் என்றாலும் அதேதான். ஆனால் அதற்கு முன் ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். குறைந்த செலவில் காசநோய்த் தடயத்தையும் மார்பு நடுவே பெரிய கட்டி உண்டா என்பதையும் அதுவே காட்டும்.

சிரையில் ஏற்றும் காண்ட்ராஸ்ட் (படத்தில் வெளுத்துக் காட்டும் மருந்து) இல்லாத சி.டி. இதில் ஏறக்குறைய வீண். சீழும் திசுவும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். காண்ட்ராஸ்ட் ஏற்றி ஒரு நிமிடத்துக்குச் சற்றுப் பின் எடுத்தால் ஓரம் வெளுத்து நடு கருத்த வளையம் தெரியும். முதலில் காண்ட்ராஸ்ட் இல்லாமல் ஒன்று, பிறகு காண்ட்ராஸ்டுடன் ஒன்று என்று எடுப்பது பிள்ளைக்கு இரட்டைக் கதிர்வீச்சு. கேள்வி சீழ் மட்டும் என்றால் இரண்டாவது மட்டும் போதும். கழுத்து, அக்குள் படங்களில் இன்னொன்று: நெறி வலப்பக்கம் என்றால் ஊசி இடக்கையில் போட வேண்டும். அதே கையில் ஏற்றினால் அக்குள் சிரையில் நிறைந்த காண்ட்ராஸ்ட் வெள்ளைக் கீற்றுகளாகச் சிதறி, பார்க்க வந்த கணுவையே மறைத்துவிடும். மறுபடி எடுக்க நேரும் படங்களில் இந்தக் காரணம் சாதாரணம்.

கதிர்வீச்சைச் சொன்னால், பெரியவருக்குக் கழுத்து சி.டி. ஏறத்தாழ 3 மில்லிசீவெர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), வயிறு 8 முதல் 10. இயற்கையில் ஓராண்டில் ஒருவர் பெறுவது உலகச் சராசரியாக 2.4. தேவை இருக்கும்போது இது தயங்க வேண்டிய அளவல்ல. கையில் தொட்டுணரும் நெறிக்காக எடுக்க வேண்டிய அளவுமல்ல.

காய்ச்சல் நீண்டு, வயிறும் வலித்தால் கணக்கு மாறுகிறது. சிலருக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, கிருமி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகும். வெளியே நெறியே இல்லாமலும் இப்படி வரலாம். சில மி.மீ. முதல் 2, 3 செ.மீ. வரை கரும்புள்ளிகள் பல தெரியும். இங்கும் முதலில் அல்ட்ராசவுண்ட்தான். வழக்கமான வயிற்றுப் புரோபில் மண்ணீரலின் சிறு புள்ளிகள் தப்பிவிடும். பிள்ளையின் விலா இடையில் லீனியர் புரோபை வைத்து ஒருமுறை பார்த்தால் அகப்படும். தெரியவில்லை, சந்தேகமும் தீரவில்லை என்றால் காண்ட்ராஸ்டுடன் சி.டி. காசநோய், லிம்ஃபோமா, பூஞ்சை, சர்க்கரை நோயாளிகளுக்கு மெலியாய்டோசிஸ் (மண்ணிலிருந்து தொற்றும் பாக்டீரியா நோய்), எல்லாமே இதே புள்ளிகளைத் தரும். இரத்தப் பரிசோதனை இல்லாமல் இந்தப் படத்துக்குப் பெயர் வைக்கக் கூடாது.

எம்.ஆர்.ஐ.

முழங்கை வீக்கத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு: அல்ட்ராசவுண்டில் இது கணுவென்று உறுதிப்படவில்லை, சார்கோமாவோ (சதை, கொழுப்பு போன்ற திசுவில் வரும் புற்றுக்கட்டி) என்ற அச்சம் இருக்கிறது. அப்படியானால் ஊசிக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், பின் அல்ல. ஊசி போட்ட இடத்து இரத்தமும் வீக்கமும் படத்தைக் குழப்பும். உண்மையில் சார்கோமா என்றால் ஊசி போகும் பாதையையே அறுவைச் சிகிச்சை செய்பவர் முன்கூட்டித் தீர்மானித்திருக்க வேண்டும்.

பூனைக் கீறல் நெறி இதில் டி-1 என்ற படவகையில் மங்கலாக, டி-2 என்ற படவகையில் வெளுத்து, காண்ட்ராஸ்டில் நன்றாக ஏறித் தெரியும். சதைக்குள் இல்லாமல் தோலடிக் கொழுப்பில் இருக்கும். கட்டியின் அளவுக்குப் பொருந்தாத அளவுக்கு, முன்கைவரை வீக்கம் பரவியிருக்கும். அந்த இடமும் அந்த வீக்கமும் சேர்ந்தால் 'பூனை உண்டா' என்று கேட்க வேண்டிய நேரம். கேட்காமல் படத்தை மட்டும் படித்தவர்கள் புற்றுக்கட்டி என்று எழுதிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பல.

30 முதல் 45 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். சிறு பிள்ளைக்கு மயக்க மருந்து இல்லாமல் நடக்காது. கதிர்வீச்சு இல்லை என்பதை மட்டும் பார்த்து எம்.ஆர்.ஐ. பாதுகாப்பானது என்று முடிவு செய்பவர்கள் அந்த மயக்க மருந்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காய்ச்சலோடு முதுகு வலி, இடுப்பு வலி, நொண்டி நடத்தல் இருந்தால் எலும்புக்குள் தொற்று உண்டா என்று பார்க்க எம்.ஆர்.ஐ.க்கு இணை வேறில்லை.

பெட்-சி.டி.

இந்த நோய்க்கென்று எடுப்பதல்ல. வேறு காரணத்துக்காக எடுத்தபோது இடையில் வந்து ஏமாற்றுவது. இதில் கதிர்வீசும் குளுக்கோஸ் மருந்தை ஏற்றி, அதை விழுங்கும் இடங்களைப் பார்க்கிறார்கள். அழற்சிச் செல்களும் புற்றுச் செல்களும் குளுக்கோஸை விழுங்குகின்றன. பூனைக் கீறல் நெறி லிம்ஃபோமா போலவே ஒளிரும். ஒளிர்வின் அளவான எஸ்.யு.வி. எண் உயர்ந்திருப்பது எதையும் நிரூபிக்காது. மருந்தை நெறி உள்ள பக்கத்துக் கையிலேயே ஏற்றி, அது சிரைக்கு வெளியே கசிந்தால் அக்குள் கணு வீணாக ஒளிரும். அண்மையில் அந்தத் தோளில் தடுப்பூசி போட்டிருந்தாலும் அப்படியே. காரணம் புரியாத நீண்ட காய்ச்சலில், எந்தக் கணுவை பயாப்சி செய்வது என்று தேர்ந்தெடுக்க மட்டும் இது உதவும்.

வயதும் இடமும் மாற்றும் கணக்கு

கைக்குழந்தைக்கு இடது அக்குளில் மட்டும் நெறி என்றால் பூனையை நினைக்கும் முன் பிறந்தபோது இடது தோளில் போட்ட பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசியை நினைக்க வேண்டும். நாற்பது வயதுப் பெண்ணுக்கு அக்குள் நெறி என்றால், வீட்டில் நான்கு பூனை இருந்தாலும், இரு மார்பகங்களுக்கும் மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுக்காமல் விடக் கூடாது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கும் இந்தக் கிருமி வேறு முகம் காட்டும். பொறுத்துப் பார்க்கும் தேர்வு அவர்களுக்குக் கிடையாது.

ஸ்கேன் சீட்டில் எழுத வேண்டியது

'கட்டி, ஸ்கேன் செய்யவும்' என்ற சீட்டுக்கு நல்ல ரிப்போர்ட் வராது. இப்படி எழுதலாம்: 'வலது முழங்கை உள்பக்க வீக்கம், 12 நாள். மூன்று வாரம் முன் புறங்கையில் பூனைக்குட்டி கீறல். காய்ச்சல் உண்டு. கணுவா, சீழ் உண்டா, டாப்ளருடன். அக்குளும் பார்க்கவும்.' மருத்துவர் எழுதாவிட்டால் பெற்றோரே ஸ்கேன் அறையில் பூனையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பழைய படம் இருந்தால் கையோடு கொண்டுபோக வேண்டும்.

அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்த வழியில் போனால் முதல் நாள் அல்ட்ராசவுண்டும் மார்பு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும். சீழ் இல்லை, ஹைலம் இருக்கிறது என்றால் ஊசி வேண்டாம். மருந்து தேவையா என்று மருத்துவர் தீர்மானிப்பார். இரண்டு வாரத்தில் அதே மெஷினில், முடிந்தால் அதே கையால், மறு ஸ்கேன். நடுவில் நிறம் மறைந்து குழி தோன்றினால் அன்றே ஊசியால் உறிஞ்சி மூன்று குப்பிகளில் அனுப்ப வேண்டும். ஆறாம் வாரமும் கன அளவு குறையவில்லை, இரத்தப் பரிசோதனையும் கைகொடுக்கவில்லை என்றால் கோர் பயாப்சி (தடித்த ஊசியால் திசுத்துண்டு எடுப்பது) அல்லது கணுவை முழுதாக எடுப்பது. நோய்க்குறியியல் நிபுணரிடம் வார்தின்-ஸ்டாரி சாயமும் காசநோய்ச் சாயமும் கேட்டு எழுத வேண்டும். குறைந்து வருகிறது என்றால் மாதம் ஒருமுறை போதும். கணு சுருங்கி, வெள்ளை ஹைலம் மறுபடி நடுவில் தெரிந்து, டாப்ளரில் நிறம் அடங்கிவிட்டால், விரலுக்குச் சிறு பட்டாணிபோல ஏதோ தட்டுப்பட்டாலும் ஸ்கேனை நிறுத்திவிடலாம்.